தெய்வானை திரும்பிப் பார்த்தாள்

முன்னால் போகிறவளுக்குப் பின்னால் ஆள் வருகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும், சொல்லுங்கள் பார்க்கலாம்?

திரும்பிப் பார்த்தால் தெரியும் என்பீர்கள்.

தெய்வானையும் அப்படித்தான் நினைத்தாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

தெய்வானை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவள். சாயங்காலம் வேலை விட்டதும் நிலோஃபர் வீட்டு மாடிக்கு வயிற்றாட்டம், அதாவது பெல்லி டான்ஸ், பழகப் போவாள். நிலோஃபருக்கு இவளைவிட வயசு ரொம்பக் குறைவு. அவளுக்கு இப்போதுதான் நடை பழகிய ஒரு பெண் குழந்தை, பெயர் சனா, எப்போதும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். ஆனாலும் தெய்வானைக்கு நிலோஃபர் டீச்சர்தான்.

முதல் நாள் தெய்வானை வாசலிலேயே நின்று கேட்டாள்.

"ஏனுங் டீச்சர், இந்த வயித்தை வெச்சுக்கிட்டு வயித்தாட்டம் ஆட முடியுமுங்களா?"

"வயிறு இல்லாதவதானுங்க்கா யோசிக்கணும்."

அன்றைக்கே சேர்ந்துவிட்டாள்.

இது கூட்டமாக ஆடுகிற ஆட்டம். மனப்பாடம் செய்து வைத்த வரிசை என்று எதுவும் கிடையாது. முன்னால் நிற்கிறவளுக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றுகிறதோ அதுதான் ஆட்டம். அவள் கையைத் தூக்கினால் சுழற்சி, தோளைச் சாய்த்தால் இடுப்பு வெட்டு. பின்னால் நிற்கிறவர்கள் அவளையே பார்த்து அதையே ஆடுவார்கள். அவள் தப்பாக ஆடினால் எல்லாரும் அந்தத் தப்பையும் சேர்ந்தே ஆடுவார்கள். ஆட்டம் முழுக்க, விரலில் மாட்டிய சின்னப் பித்தளைத் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு கட்டத்தில் எல்லாரும் வட்டமாகச் சுற்றி வருவார்கள். முன்னால் இருந்தவள் யாரைக் கண்ணோடு கண் பார்க்கிறாளோ, அடுத்து அவள் முன்னால்.

நிலோஃபர் வைத்திருந்தது ஒரே விதி. முன்னால் நிற்க மாட்டேன் என்கிறவள் மேடை ஏறக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை டவுன் ஹாலில் மகளிர் விழா. அதற்காகத் தெய்வானை வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு எல்லாருக்கும் பெரிய சுற்றுப் பாவாடை தைத்து வைத்திருந்தாள். முதலில் முன்னால் நிற்க வேண்டியவளும் அவள்தான்.

ஒத்திகையில் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். கை எழுந்தது, இடுப்பு வெட்டியது. திடீரென்று முதுகு குறுகுறுத்தது.

பின்னால் இருக்கிறார்களா?

வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள்.

வரிசையாகப் பின்னல்கள்தான் தெரிந்தன. ஒரு முகத்தையும் காணோம்.

அவள் திரும்பினதையும் ஆட்டம் என்று நினைத்து, பின்னால் நின்ற எல்லாரும் அதே மாதிரி வெடுக்கென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க என்னங்கடி இருக்குது சுவத்துல?"

"நீ பாத்தியேக்கா, நாங்களும் பாத்தோம்" என்றாள் கலாமணி. தெய்வானைக்கு அடுத்த மிஷினில் உட்காருகிறவள். எந்த ஆட்டத்திலும் கடைசி வரிசைக்கு நழுவிவிடுவாள். "பல்லி கில்லி போகுதாக்கும்னு நெனச்சேன்."

மாடியே சிரித்தது. தெய்வானை சிரிக்கவில்லை.

மறுபடி ஆடினாள். மறுபடி திரும்பினாள். மறுபடி பின்னல்கள்.

எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவள் நின்றாள்.

"நான் விழாவுக்கு வரலீங்க டீச்சர். இனி இங்கயும் வரலீங்க. பாவாடையெல்லாம் மடிச்சு வெச்சிருக்கறன், எடுத்துக்குங்க."

நிலோஃபர் சுவரோரம் உட்கார்ந்து, புளி வைத்துத் தாளங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா?"

"பின்னாடி ஆளிருக்குதான்னு தெரியாம எனக்கு ஆட வராதுங்க."

நிலோஃபர் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க கம்பெனியில பொம்பளைங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லீங்க. கயிறு கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காரோணும். மேனேஜரைக் கேக்கலாம்னு எல்லாரும் பேசுனோம். 'நீ முன்ன போக்கா, நாங்க வர்றோம்'னாங்க. போனேன். 'நாங்க எல்லாரும் வந்திருக்கறமுங்க சார்'னேன். அவரு எட்டிப் பாத்துட்டு, 'எல்லாரும்னா யாரும்மா?'ன்னாரு. திரும்பிப் பாத்தா ஒருத்தியுமில்லீங்க."

"தாழ்ப்பாள் வந்துதுங்களா?"

"இன்னும் கயிறுதானுங்க. அந்தக் கூட்டத்துல கலாமணியும் ஒருத்தி. இங்கயும் எனக்குப் பின்னாடிதான் நிக்கிறா" என்றாள்.

நிலோஃபர் அடுத்த தாளத்தை எடுத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் சனா எழுந்து தத்தக்கா பித்தக்கா என்று நடக்க ஆரம்பித்தது. கொலுசு கலகலத்தது.

"டீச்சர், பாப்பா!"

"படிப் பக்கம் போகலீங்க்கா. செருப்புகிட்டப் போறா." தலையைத் திருப்பவே இல்லை.

நிஜம்தான், செருப்புகிட்டத்தான் போனது.

கொலுசுச் சத்தம் நின்றது.

"வாயில வெச்சுட்டா. கொஞ்சம் புடுங்கிடுங்க்கா."

தெய்வானை ஓடிப் போய்க் குழந்தையின் வாயிலிருந்து செருப்பு வாரை இழுத்தாள்.

"நீங்க திரும்பிக்கூடப் பாக்கலீங்களே!"

நிலோஃபர் தேய்த்த தாளத்தை அவளிடம் நீட்டினாள்.

"களிம்பு போயிருச்சான்னு பாருங்க்கா."

தெய்வானை அதை வாங்கி ஒரு முறை தட்டினாள். மாடி முழுக்கக் கணீரென்றது.

கீழே கேட்டருகில் கலாமணி நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகவில்லை.

"கோவமாக்கா?"

தெய்வானை நடந்தாள். கலாமணி ஓடி வந்து சேர்ந்துகொண்டாள்.

"அன்னிக்கு நானும் வந்தேன்க்கா. கட்டிங் செக்‌ஷன் வரைக்கும் வந்தேன். திரும்பிப் பாத்தேன், எனக்குப் பின்னாடி ஒருத்தியுமில்ல. அப்படியே நின்னுட்டேன்."

"உனக்கு முன்னாடி நான் போயிட்டிருந்தனேடி."

பஸ் ஸ்டாப் வரைக்கும் கலாமணி ஓரடி பின்னாலேயே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தெய்வானை வந்தாள். பாவாடை மூட்டையை மேடைக்குப் பின்னால் இறக்கி வைத்து, ஒவ்வொருத்திக்கும் நாடாவை இழுத்துக் கட்டிவிட்டாள்.

"வரலீன்னீங்க?" என்றாள் நிலோஃபர். சனா அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நாடா இவளுகளுக்குக் கட்டத் தெரியாதுங்க."

திரை விலகியது. தெய்வானை முன்னால் நின்றாள். எதிரே நாற்காலி நாற்காலியாக ஊர்.

கையைத் தூக்கினாள். இடுப்பை வெட்டினாள்.

முதுகு குறுகுறுத்தது.

கழுத்து தானாகவே திரும்பப் போனது. அப்போது பின்னால் கேட்டது. பித்தளை மேல் பித்தளை, ஒன்று சேர்ந்து. அதில் ஒரு தாளம் மட்டும் ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது.

கலாமணி. அவள் எப்போதும் பிந்துவாள்.

தெய்வானையின் கழுத்து நேராக நின்றது.

பாவாடை விரிந்து சுழன்றது. முன்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அவள் இடது தோளைச் சாய்த்தாள், பின்னால் தாளம் மாறியது. வலது கையை உயர்த்தினாள், தாளம் உயர்ந்தது. பார்க்காமலே அவளுக்கு எல்லாரும் தெரிந்தார்கள்.

வட்டம் வந்தது. எல்லாரும் சுற்றினார்கள். தெய்வானை கலாமணியைப் பார்த்தாள்.

கலாமணி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

தெய்வானை கண்ணை எடுக்கவில்லை.

கலாமணி முன்னால் போனாள். தெய்வானை அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். எதிரே இப்போது ஊர் இல்லை, கலாமணியின் முதுகும் பின்னலும்தான்.

கலாமணி கையைத் தூக்கினாள். தெய்வானை தூக்கினாள். கலாமணி இடுப்பை வெட்டினாள். தெய்வானை வெட்டினாள்.

பின்னல் லேசாக அசைந்தது. கழுத்து பக்கவாட்டில் திரும்பத் தொடங்கி, பாதியில் நின்றது.

முன்னாலிருந்து, உதடு பிரியாமல், ஒரு குரல் வந்தது.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் சத்தமாத் தட்டுக்கா."