கூரை போட்ட குளம்

காட்டோரக் குளத்தில் ஒரு கெண்டை மீன் இருந்தது. அதற்கு நிறையக் குஞ்சுகள். கரையோர மருதமரத்தில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தால் போதும், கெண்டை குஞ்சுகளை அடிக்கு விரட்டும். அப்படியும் விடிந்தால் ஒரு குஞ்சாவது குறையும்.

ஒரு நாள் வாய்க்கால் வழியாக ஓர் ஆகாயத்தாமரைச் செடி மிதந்து வந்தது.

“தங்க இடம் குடு. குளத்துக்கே கூரை போட்டுத் தர்றேன். உன் பிள்ளைங்க அந்த மரத்துல இருக்கிறவன் கண்ணுலயே படாது!” என்றது.

கெண்டைக்குக் கசக்குமா? “வா தாயி, வா!” என்றது.

குளத்தடியில் வேரூன்றி நின்ற வேலம்பாசிச் செடி பதறியது. “வேண்டாம் அக்கா! வெயில் வந்தாத்தான் என் அடுப்பு எரியும். நீங்க விடுற மூச்சையும் தண்ணியையும் வச்சுத்தான் நான் சமைக்கிறேன். சமைக்கும்போது வர்ற குமிழிதான் உங்களுக்கு நல்ல மூச்சு!”

“உனக்கென்ன? உன் பிள்ளையையா மீன்கொத்தி தூக்குது?” என்று கெண்டை அதன் வாயை அடைத்தது.

ஆகாயத்தாமரை பக்கக் கன்று விட்டது. கன்றும் கன்று விட்டது. குளம் முழுக்க மூடிக்கொண்டது. நடுப்பகலிலும் அடியில் கும்மிருட்டு. மீன்கொத்தி வரவில்லை. தவளைகளும் கத்தவில்லை. ஒரு குமிழிகூட மேலே போகவில்லை. அந்த அமைதியை நிம்மதி என்று நினைத்துக்கொண்டது கெண்டை, பாவம்!

பிறகு இருட்டுக்குள் ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது.

“யாரது? என்ன திங்கிற?” என்று கெண்டை கேட்டது.

“நான்தான் அக்கா” என்றது வேலம்பாசி. “என்னையே திங்கிறேன்.”

கெண்டைக்குச் செதில் சிலிர்த்தது.

“வெயில் இருந்தப்போ சமைச்சு, தண்டுல சேர்த்து வச்ச மாவைத்தான் திங்கிறேன். அதுவும் தீரப்போகுது. திங்கிறதுக்கு எனக்கும் மூச்சு வேணுமே! உங்க பிள்ளைங்களுக்கு இருக்கிறதுல இருந்துதான் எடுக்கிறேன். மன்னிச்சிருங்க அக்கா.”

கெண்டை குஞ்சுகளைத் தேடி ஓடியது. எல்லாம் கூரைக்கடியில் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றன. கூப்பிட்டதற்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை.

“நண்டண்ணே! கூரையை வெட்டுங்க!” என்று கரை வளையில் இருந்த நண்டிடம் கெண்டை அலறியது.

“வெட்டினா மீன்கொத்தி வருமே?”

“வரட்டும்! வெட்டுங்க!”

செடிகளைப் பிணைத்திருந்த தண்டுகளை நண்டு கொடுக்கால் நறுக்கியது. காற்று அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளியது. தண்ணீருக்குள் வெயில் இறங்கியது. வேலம்பாசி பாதி அழுகியிருந்தது. பச்சை மிச்சமிருந்த ஓர் இலையிலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. கடைசியில் ஒரு குஞ்சு வாலை ஆட்டியது.

மறுநாளே மீன்கொத்தி வந்து ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. கெண்டை வாய்விட்டு அழுதது. ஆனாலும் மிச்சக் குஞ்சுகளை வேலம்பாசிக்குள் ஒளித்து வைத்ததே தவிர, மறுபடி கூரை கேட்கவில்லை.

பகைவனுக்குப் பயந்து வெளிச்சத்தையே அடைத்துவிட்டால், பகைவன் வருவதற்கு முன்பே இருட்டு நம்மைத் தின்றுவிடும்.