மரங்கொத்தி அளந்த அச்சம்

ஒரு காட்டில் வாழ்ந்த முயல், தன் துணையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது குளக்கரையில். துணை முயல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஓநாயைக் கண்டதும் அசையாமல் அப்படியே பதுங்கியது. ஒரு சத்தம்கூட எழுப்பவில்லை. முயல்களின் வழக்கம் அது. எவ்வளவு பயமோ அவ்வளவு மௌனம்.

அந்தக் காட்டில் காவலுக்கு இருந்தது ஒரே ஒரு யானைதான்.

"யாருக்கு அச்சம் அதிகமோ, அவர்களிடம் யானையை அனுப்புவேன். அளந்து வா" என்று சிங்கராஜா மரங்கொத்திக்குக் கட்டளையிட்டிருந்தது.

மரங்கொத்தி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மரம் ஒதுக்கியது. யாராவது பயந்து கத்தினால் அவர்களுடைய மரத்தில் ஒரு துளை. குரங்குகளின் மரம் ஒரே மாதத்தில் சல்லடையாகிவிட்டது. பலாப்பழம் விழுந்தால்கூட அவை அலறின. முயல்களின் மரத்திலோ ஒரு துளையும் இல்லை.

முயல் மரங்கொத்தியிடம் ஓடி வந்தது.

"ஐயா, ஓநாய் தினமும் குளத்துக்கு வருகிறது. என் துணையைத் தின்றுவிட்டது. எங்கள் ஏழு வளைகளில் மூன்று காலி!"

"நானும் பார்த்தேன். கத்தவில்லையே!"

"என் நெஞ்சில் காது வைத்துக் கேளுங்கள்!"

"நெஞ்செல்லாம் என் அளவையில் கிடையாது, தம்பி. துளை இல்லையென்றால் அச்சம் இல்லை. உங்களைப் போலத் தைரியசாலிகள் யார் உண்டு? சந்தோஷப்படு!"

அப்போது ஒரு வல்லூறின் நிழல் மரத்தின்மேல் ஓடியது. மரங்கொத்தி பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டது. மூச்சுக்கூட விடவில்லை. வல்லூறு போன பிறகும் அதன் இறகுகள் நடுங்கின.

"இப்போது எத்தனை முறை கத்தினீர்கள், ஐயா?" என்று கேட்டது முயல்.

மரங்கொத்தி கலைந்த இறகுகளை அலகால் நீவிக்கொண்டது.

"ஒரு முறைகூட இல்லை! நீங்களும் தைரியசாலிதான். சந்தோஷப்படுங்கள்!"

"தப்புதான்" என்று முனகியது மரங்கொத்தி. "ஆனால், நேற்றே ராஜாவிடம் கணக்கைச் சொல்லிவிட்டேன்."

"இப்போதே போய் மாற்றிச் சொல்லுங்கள்!"

"சொன்னால் என் கணக்கை இனி யார் நம்புவார்கள்?"

யானை பலாத்தோப்புக்குப் போனது. குரங்குகள் அதன் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடின.

மழைக்காலம் வந்தது. முயல்களின் மரத்தில் அப்போதும் ஒரு துளைகூட இல்லை. அதன் அடியில் ஏழு வளைகள் இருந்தன. ஏழும் காலி.

நீதி: காதில் விழுந்ததை மட்டும் எண்ணிவிட்டு, மனத்தை அளந்தேன் என்று சொல்லாதே.