மேஜருக்குப் போட்ட பூட்டு

ஆலங்கரை சாமியம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து. அவருடைய சீடர் தங்கப்பழத்துக்கு அறுபத்தெட்டு. குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவை அம்மா என்பார். இதைக் கேட்டு ஊரில் சிரித்தவர்கள் உண்டு. தங்கப்பழம் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். சிரிப்பையெல்லாம் சட்டை செய்கிற ஆளில்லை.

அவருக்கு இரண்டே தெய்வம். ஒன்று சாமியம்மா, இன்னொன்று மேஜர் செல்லையா. எல்லையில் காலில் குண்டடி பட்டுப் பனியில் கிடந்த தங்கப்பழத்தை முதுகில் போட்டுக்கொண்டு மூன்று மைல் நடந்தவர் மேஜர். பிறகு சொந்த ஊருக்கு வந்து பேரூராட்சித் தலைவராகப் பத்து வருஷம் இருந்தார். போன தையில் கண்ணை மூடினார்.

"செத்துப்போன மனுசருக்கு எப்படிம்மா மரியாதை செய்யணும்?" என்று ஒருநாள் தங்கப்பழம் கேட்டார்.

"நீங்க என்ன செய்யலாம்னு இருக்கீங்க, அண்ணாச்சி?"

சிலை வைக்கப்போவதாகச் சொன்னார். இடமும் பார்த்தாயிற்று, ஊர்ப் பொதுக்கிணற்றடி. அம்மாதான் வந்து திறந்து வைக்க வேண்டும் என்றார்.

"வாறேன். நீங்க கேட்டதுக்கு அங்க வச்சே பதில் சொல்றேன்."

அந்தக் கிணற்றைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் அதைச் சுற்றி இரும்பு வேலி இருந்தது. வேலிக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. ஊருக்கே நல்ல தண்ணீர் அது ஒன்றுதான். மேலத்தெருவுக்கு எந்நேரமும் திறக்கும். கீழத்தெருப் பெண்கள் மட்டும் சாவிக்காரர் மனசு வைக்கிற வரைக்கும் குடத்தோடு வெயிலில் காய வேண்டும். மேஜர் தலைவரான அன்றைக்கே கடப்பாரையோடு வந்தார். கூட வந்து இன்னொரு கடப்பாரை பிடித்தவர் தங்கப்பழம். பூட்டு தெறித்தது, வேலி சாய்ந்தது, மேலத்தெருவிலிருந்து கல்லும் பறந்தது. ஒரு கல் மேஜரின் நெற்றியில் பட்டு ஏழு தையல். அதற்கப்புறம் அங்கே பூட்டு என்ற பேச்சே இல்லை.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. ஊரே திரண்டிருந்தது. சாமியம்மா கயிற்றை இழுத்தார், துணி விழுந்தது.

மேஜர் அப்படியே நின்றார். மிடுக்கு குறையவில்லை, நெற்றித் தழும்பைக்கூடச் சிற்பி விடவில்லை. அவரைச் சுற்றி நாலு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே இரும்புக் கூண்டு. எந்தக் கட்சி நிறமும் வந்துவிடக் கூடாதென்று சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்து, முன்னால் பெரிய பூட்டு. எல்லாம் தங்கப்பழத்தின் ஏற்பாடு. பக்கத்து ஊரில் ஒரு தலைவர் சிலையின் கையை உடைத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிருந்தது.

ஜனம் கைதட்டியது. சாமியம்மா தட்டவில்லை.

"சாவி?" என்று கையை நீட்டினார்.

மாலை போடத்தான் கேட்கிறார் என்று தங்கப்பழம் பூட்டைத் திறந்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அம்மா உள்ளே போனார், மேஜருக்கு மாலை போட்டார். பிறகு கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தி, கம்பிக்கு வெளியே கையை விட்டுப் பூட்டை அமுக்கினார். சாவியைக் கிணற்றுப் பக்கம் வீசினார். அது சுவரில் ஒரு தடவை மோதி, உள்ளே போய் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

குண்டு பட்டபோதுகூடத் தங்கப்பழம் இப்படி ஆடிப்போனதில்லை. பேசுவதற்கென்று மேடையேறியிருந்த பெரிய மனிதர் ஒருவர், மைக்கைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

சாமியம்மா பீடத்தில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

தங்கப்பழம் நொண்டிக்கொண்டே ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தார். வேறு சாவியும் இல்லையே என்று புலம்பினார். ஒரு சாவிதான் இருக்க வேண்டும், அதுவும் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் அடித்துச் சொல்லி வாங்கிய பூட்டு அது.

"மேஜருக்கு எதுக்குப் பூட்டு, அண்ணாச்சி?" என்றார் சாமியம்மா.

"கூண்டை எடுத்தா அவரை உடைச்சிருவானுங்கம்மா," என்றார். "என்னைத் தூக்கிச் சுமந்த மனுசன். அவர் மேல ஒரு கீறல் விழுந்தாலும் என்னால தாங்க முடியாது."

சாமியம்மா எழுந்து சிலையின் நெற்றித் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"இது சண்டையில பட்டதா, அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"பின்னே எங்க வச்சு?"

தங்கப்பழம் கிணற்றைப் பார்த்தார். அதை ஒட்டி, குடத்தோடு நின்ற கீழத்தெருப் பெண்களைப் பார்த்தார்.

"இங்க வச்சுத்தான்," என்றார் கடைசியில்.

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கூண்டுக்கு மேலே கூரை கிடையாது. இரும்பு சுட ஆரம்பித்துவிட்டது, தங்கப்பழம் மட்டும் பிடித்த கம்பியை விடவில்லை.

"அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன். நீங்க எப்படி வெளிய வருவீங்க?"

"மேஜர் முன்னால வரட்டும், அண்ணாச்சி. நான் பின்னாலயே வாறேன்."