கரையை இழுத்து வந்த தொபியாஸ்

கள்ளக்கடல் ஏறினால் கன்னியாகுமரிப் பக்கம் எங்கள் ஊரில் யாரும் வள்ளம் இறக்குவதில்லை. காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. கடல் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குள் வரும். அன்று மத்தியானம் முன்வரிசை வீட்டுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பங்குக் கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். தொபியாஸ் மட்டும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கடலுக்கு நேராகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

அவரைக் கிளப்பிக்கொண்டு வரும்படி எங்களை அனுப்பியிருந்தார்கள். கூட அவர் மச்சினன் ததேயுவும் வந்தான்.

"அத்தான், எழும்பும். அலை படிக்கிட்ட வந்தாச்சு."

"இதெல்லாம் ஒரு அலையா மக்கா? எனக்கக் கல்யாணத்தப்ப இந்தக் கரை எவ்வளவு அகலம் தெரியுமா? கடலுக்குப் போகணும்னா கட்டுச்சோறு வேணும். பாதி வழியில ஒருத்தன் டீக்கடை போட்டிருந்தான். நான் வீட்டுலயிருந்து கிளம்பும்போது தலை கறுப்பு, தண்ணியில கால வைக்கும்போது நரை."

"அப்ப உமக்கு முடி இருந்துதா?" என்றான் ததேயு.

தொபியாஸ் அதைக் காதில் வாங்கவில்லை. "பக்கத்து ஊருல தூண்டில் வளைவுன்னு கடலுக்குள்ள கல்லக் கொண்டு கொட்டினானுவ. அங்க முட்டின கடல் கோவத்துல இங்க வந்து நம்ம மணலக் கொண்டு போச்சு. நான் சும்மா இருப்பனா? கரமடி வலைய வளைச்சு ஒத்தையா நின்னு இழுத்தேன். போன மணல் பூரா வந்துது. மணலோட போன அந்தோணியார் குருசடிக் கோயிலும் வந்துது. உள்ள மெழுகுவத்தி அணையாம எரிஞ்சிட்டு கிடக்கு."

"அந்தக் குருசடி இப்ப எங்க?"

"எங்க வைக்கணும்னு கோயில் கமிட்டியில சண்ட. வெறுத்துப் போயி திரும்பக் கடல்லயே போட்டுட்டேன்."

எங்கள் கமிட்டியைத் தெரிந்தவர்கள் இதை மட்டும் புளுகு என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு அலை வந்து நாற்காலிக் காலை நனைத்துவிட்டுப் போனது. தொபியாஸ் காலை மடக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். குரல் மட்டும் இறங்கவில்லை.

"எனக்க வீடு யாருக்கக் கணியம்? சொல்லுங்கலே. கடல்லயிருந்து பாத்து இந்த நீலச் சுவரையும் பின்னால அந்த மலை உச்சியையும் நேருக்கு நேர் வச்சாத்தான் கடலுக்கடியில உள்ள பாறைக்கு மேல வள்ளம் நிக்கும், மீன் படும். ஒருநாள் எனக்க பெஞ்சாதி பிளோமினா சுவருல பச்சைப் போர்வையக் காயப் போட்டா. நாலு வள்ளம் கணியம் தப்பி மாலத்தீவுல போயி நின்னுது. அந்த நாட்டுக்காரன் எனக்கு போன் போட்டு, போர்வைய எடுக்கச் சொல்லும்னு கெஞ்சினான்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "வீடு போனா பாறை எங்கன்னு எவன் கண்டுபிடிப்பான்?" என்றார். மாலத்தீவு பொய்யாக இருக்கலாம், கரையைப் பார்த்து இடம் குறிக்கிற கணியம் நிஜம். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் மீன் பிடித்தோம்.

ததேயு கெஞ்சினான். "அத்தான், உசிரு போனா பாறைய வச்சு என்ன செய்ய?"

"உசிரா? கடல் நேத்தே வந்து எங்கிட்டப் பேசிச்சு மக்கா. தொபியாசு, உனக்க வீட்டைத் தொட மாட்டேன், பயப்படாதன்னு கையில அடிச்சு சத்தியம் பண்ணிச்சு."

அப்போது வீட்டுக்குள்ளிருந்து பிளோமினா அக்கா இரண்டு மூட்டைகளோடு வந்தாள். ஜெபமாலை சொல்லும்போதுகூட ஒரு மணி கூடிவிடக் கூடாது என்று பார்க்கிற ஆள். வாழ்நாளில் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"கடல் எங்கிட்டயும் பேசிச்சு," என்றாள்.

தொபியாஸ் திரும்பிப் பார்த்தார்.

"அடுக்களைப் பக்கமா வந்து அழுதுது. ஒனக்க மாப்பிள்ளைக்கக் கதையக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி, அவரப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போ, நான் இந்தப் படியிலயே நிக்கேன்னு சொல்லிச்சு."

தொபியாஸ் நாற்காலிமேல் வைத்திருந்த காலைக் கீழே இறக்கினார்.

"வேற என்ன சொல்லிச்சு?"

"பெரிய மூட்டைய நீரு தூக்கணும்னு சொல்லிச்சு."

எழுந்து தூக்கிக்கொண்டார்.