அமைச்சர் தீவில் விருந்து

மணல்துறை சின்ன நாடு. அதற்குக் கடல்தான் சொத்து. அந்தக் கடலில் பாதியைக் கேட்டு வந்தார் பக்கத்துப் பெருநாட்டு அமைச்சர் அதிவீரசிம்மன். கடல் வற்றியிருந்த காலையில், தண்ணீருக்கு மேல் தலைகாட்டிய ஒரு மணல்திட்டில் கொடியை நட்டார்.

"இது எங்கள் தீவு. இனி எல்லையை இங்கிருந்துதான் அளக்க வேண்டும்."

கடல் ஏறினாலும் மூழ்காத நிலம்தான் தீவு என்பது இரு நாடும் ஒப்புக்கொண்ட சட்டம்.

"இதுவா மூழ்கும்? ராஜா, நீங்கள் கையெழுத்துப் போடும்வரை இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன்!" என்று மார்தட்டினார், அதுவரை கடலையே பார்த்திராத அமைச்சர்.

படகில் கூட வந்திருந்த மணல்துறை ராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய சமையல்காரி மூக்காயி முந்திக்கொண்டாள்.

"அமைச்சரய்யா பசியோட இருக்கலாமா? இங்கேயே விருந்து வைக்கிறேன்."

இலை போட்டாள். நண்டுக் குழம்பு, வறுத்த மீன் என்று ஆற அமரப் பரிமாறினாள். ரசம் வருவதற்குள் கடல் அமைச்சரின் காலை நனைத்தது. மோர் வருவதற்குள் இலை மிதந்தது, கொடி சாய்ந்தது.

"படகு! படகைக் கொண்டா!"

மூக்காயி படகில் நின்றபடி கேட்டாள். "எதுக்கய்யா? உங்க நாட்டு மண்ணுலதானே இருக்கீங்க?"

"மண் எங்கேடி இருக்கு? எல்லாம் கடல்!" என்று இடுப்பளவுத் தண்ணீரில் அலறினார் அமைச்சர்.

"கேட்டீங்களா ராஜா? எல்லையைப் பழையபடி கரையிலேர்ந்தே அளங்க" என்ற மூக்காயி, அமைச்சருக்குக் கை நீட்டினாள்.

"ஏறுங்கய்யா. இது எங்க கடல். இங்க யாரையும் முழுக விடமாட்டோம். பாயசம் கரையில."