மகளுக்காக மெலிந்த ககரம்

தேனீயும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ககரத்துக்கு ஒரே ஓசைதான். சொல்லின் முதலில் வந்தாலும் நடுவில் வந்தாலும் கல்லை உடைக்கிற மாதிரி ஒலிக்கும். ‘மகள்’ என்று அழைத்தால் ‘மக்கள்’ என்றுதான் காதில் விழும்.

மலையடியில் செம்பி என்றொருத்தி தன் ஒரே மகள் வள்ளையோடு வாழ்ந்தாள். அந்த ஆண்டு மழை பொய்த்துத் தினை கருகிவிட்டது. செம்பி மலைத்தேனீக்களின் தாயிடம் போய்த் தேன் கேட்டாள்.

“எடுத்துக்கொள். ஆனால் விடியலில் வா, பிள்ளைகள் தூங்குவார்கள். உங்கள் பேச்சுச் சத்தத்தில் விழித்தால் கொட்டிவிடுவார்கள். நான் சொன்னாலும் அடங்க மாட்டார்கள்” என்றது தாய்த்தேனீ.

பனி விலகாத காலையில் கொடியைப் பிடித்துக்கொண்டு வள்ளை தேன்கூடு இருந்த பாறைச்சரிவில் இறங்கினாள். செம்பி மேலே நின்றாள். பாறை விளிம்பு கொடியை அறுத்துக்கொண்டிருந்தது.

“ம...” என்று அலறத் தொடங்கியவளுக்குத் தேனீக்களின் நினைவு வந்தது. ககரத்துக்காக அடிநா அதற்குள் மேலெழுந்துவிட்டது. அண்ணத்தில் முட்டவிடாமல் அதைத் தடுத்தாள். இடுக்கு வழியே மூச்சு வழிந்தது.

“மகளே!”

அப்படியொரு ஓசையை யாரும் கேட்டதில்லை. ஒரு சிறகும் அசையவில்லை. வள்ளை நிமிர்ந்து பார்த்தாள். தாயின் முகத்தைக் கண்டதும் பாறையிடுக்கில் இருந்த வேரைப் பற்றிக்கொண்டாள். கொடி அறுந்து பள்ளத்தில் விழுந்தது. செம்பி வேறு கொடியை இறக்கி அவளை மேலே இழுத்தாள்.

மூச்சு வாங்க உட்கார்ந்த வள்ளை, “அம்மா, என்னை எப்படிக் கூப்பிட்டாய்? இன்னொரு முறை கூப்பிடேன்” என்றாள். செம்பி கூப்பிட்டாள். இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

பிறகு வள்ளை தொலைவில் ஒரு மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். தேனீக்களும் மெல்ல மெல்ல மனிதரோடு பேசுவதை விட்டுவிட்டன. அடுப்பு மூட்டும்போது செம்பி தன்னையறியாமல் “மகளே” என்பாள். பதில் வராது. இருந்தும் அழைப்பாள். அதைக் கேட்ட அக்கம்பக்கத்தாரும், பிரிந்துபோனவர்களை நினைத்தால் அப்படியே சொல்லிப் பார்த்தார்கள். பகல், முகம், அகல் என்று ஒவ்வொரு சொல்லாக மெலிந்தது.

அன்றிலிருந்துதான், சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வலிந்து நிற்கும் ககரம், இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும்போது இளகிப்போகிறது.