அரை அடி முன்னால்

வோல்கா நதிக்கரையில் ஒரு நகரம். அந்த நகரத்துக் கால்பந்து அணியில் பதின்மூன்று வருடமாகத் தடுப்பாட்டக்காரனாக இருந்தவன் ரோதியோன். பத்தொன்பது வயதில் கோல் அடிக்கும் ஆசையோடு வந்து சேர்ந்தவனை, "நீ பின்னால் நில்" என்று இடம் மாற்றியவர் பயிற்சியாளர் சவேலி இக்னாத்திச். காரணம் சொல்லவில்லை. ரோதியோனும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் சொன்னதே அவனுக்கு வேதம்.

அணி இரண்டாம் பிரிவிலிருந்து மேலே ஏறியது. ஒருமுறை தேசிய அணியின் முகாமுக்கு அழைப்பு வந்தது. பத்து நாள் இருந்துவிட்டு, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினான். அதற்காக அவன் யாரிடமும் குறைபட்டதில்லை.

முப்பதாவது வயதில், ஓர் அக்டோபர் மாத மழையில், அது நடந்தது. எதிரணியில் கிரீல் என்று இருபத்திரண்டு வயது முன்கள ஆட்டக்காரன். பந்தோடு பறந்து வந்தான். ரோதியோன் தரையில் சறுக்கிக் காலை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டான். கூடவே கிரீலின் கால் மடிந்தது. எலும்பு முறிந்த சத்தம் கோல்கீப்பருக்கே கேட்டது.

நடுவருக்கு முன்னால் இரண்டு பேர் மறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் விசில் ஊதவில்லை. மறுநாள் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது ரோதியோன், "நான்தான் முன்னால் இருந்தேன். பந்து என்னுடையது" என்றான். எல்லோரும் நம்பினார்கள். மூன்று முறை அறுவை செய்த பிறகு டாக்டர்கள் கைவிரித்தார்கள். கிரீல் அதன்பிறகு ஆடவே இல்லை.

ரோதியோன் ஆடினான். ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் கொஞ்சம் தாமதமாகப் போனான். ஒன்றரை வருடத்தில் அவன் பக்கமாகவே ஒன்பது கோல் விழுந்தது. அவன் பெயரை அறிவித்தாலே சொந்த ஊர்க்காரர்கள் சீட்டியடித்துக் கேலி செய்தார்கள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், பயிற்சி முடிந்ததும் சவேலியின் அறைக் கதவைத் தட்டினான்.

"கால் வலியா?" என்றார் அவர்.

"இல்லை."

"பிறகு?"

"ஒரு கேள்வி. அன்று அந்தப் பந்துக்கு நான் போயிருக்கக் கூடாதா?"

சவேலி சனிக்கிழமை ஆட்டத்துக்கான பட்டியலை எடுத்து அவன் பெயரை அடித்தார். ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொடுத்தார். வடக்கே, ரயிலில் பதினான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரின் முகவரி.

"அங்கே யார் இருக்கிறார்கள்?"

"போய்ப் பார்."

ரோதியோன் போனான்.

அந்த முகவரியில் இருந்தது ஒரு பனிச்சறுக்கு அரங்கம். நுழைவாசலை ஒட்டிய சின்ன அறையில் ஒருவன் சறுக்குக் காலணிகளின் அடியில் இருக்கும் இரும்புத் தகட்டைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். தீப்பொறி பறந்தது. வலது காலை நேராக நீட்டி, தாழ்வான ஒரு முக்காலியின் மேல் வைத்திருந்தான். அது கிரீல்.

இயந்திரத்தை நிறுத்தாமலே கிரீல் சொன்னான்: "இப்போதுதான் வழி தெரிந்ததா உங்களுக்கு?"

"ஆமாம்."

"ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை வந்தது. உங்கள் பெயர் போட்டிருந்தது."

"நான் வந்திருக்க வேண்டும்."

"வந்திருக்க வேண்டும்."

கிரீல் தகட்டின் முனையை விரல் நுனியால் தடவிப் பார்த்தான். திருப்தியில்லாமல் மறுபடி சாணையில் வைத்தான். ரோதியோன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றான்.

"மன்னிப்புக் கேட்க வந்தீர்களா?"

"ஒரு கேள்வி கேட்க வந்தேன்."

கிரீல் இயந்திரத்தை அணைத்தான். "நான் முதலில் கேட்கிறேன். உங்கள் பயிற்சியாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இங்கே வருகிறார். அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டேன். 'நான் தூரத்தில் நின்றேன், பக்கத்தில் இருந்தவனைக் கேள்' என்று சொல்லிவிட்டார்."

சவேலி இங்கே வருவது ரோதியோனுக்கு இதுவரை தெரியாது.

"எனக்கு நினைவிருப்பது பந்தும் ஈரப் புல்லும்தான்," என்றான் கிரீல். "நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நான் பார்க்கவில்லை. நீங்கள் முன்னால் இருந்ததாகப் பத்திரிகையில் படித்தேன். சொல்லுங்கள். நான் உங்களைத் தாண்டினேனா, இல்லையா?"

வெளியே பனித்தளத்தில் யாரோ விழுந்து, உடன் வந்தவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"தாண்டிவிட்டாய்," என்றான் ரோதியோன்.

"எவ்வளவு?"

"அரை அடி. நான் பின்னாலிருந்துதான் காலை நீட்டினேன். அது தவறு என்று சறுக்கும்போதே எனக்குத் தெரியும். மறுநாள் பொய் சொன்னேன்."

கிரீல் முக்காலியிலிருந்து காலைக் கீழே இறக்கினான். அடிப்பான் என்று ரோதியோன் நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தான்.

"ஒன்றரை வருடம்," என்றான் கிரீல். "உங்கள் மேல் தப்பில்லை என்றார்கள், என் மேலும் தப்பில்லை என்றார்கள். விதி என்றார் என் அப்பா. அன்று நான் ஜெயித்தேன் என்று ஒரு ஆள் சொல்லவில்லை."

"நீ ஜெயித்தாய்."

"கோல்கீப்பர்?"

"அவன் இடது பக்கம் சாய்ந்துவிட்டான். வலது பக்கம் மொத்தமும் திறந்திருந்தது."

கிரீல் கண்ணை மூடிக்கொண்டான். சிரித்தானா அழுதானா என்று ரோதியோனால் சொல்ல முடியவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, "இதைப் பத்திரிகையிலும் சொல்வீர்களா?" என்றான்.

"சொல்கிறேன்."

"சரி. போங்கள். எனக்கு இன்னும் நாற்பது ஜோடி இருக்கிறது." அவன் இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டான். கைகொடுக்கவில்லை. வாசல்வரை வந்த ரோதியோனைக் கூப்பிடவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் செய்தி வந்தது. அணியின் நிர்வாகத் தலைவர் கூப்பிட்டு, "உன்னை யார் கேட்டார்கள்?" என்று கத்தினார். மைதானச் சுவரில் 'எலும்பு முறிப்பவன்' என்று யாரோ பெரிதாக எழுதினார்கள். அணியில் பாதிப் பேர் அவனோடு சாப்பிட உட்காரவில்லை.

புதன்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். சவேலி மட்டும் பந்துகளை வலையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ரோதியோன் அவர் அருகில் போய் நின்றான்.

"சொல்லிவிட்டேன், சவேலி இக்னாத்திச்."

"படித்தேன்."

"அவன் கால் திரும்பி வரவில்லை."

"வரவில்லை."

"உங்களுக்கு முதலிலிருந்தே தெரியுமா?"

"சந்தேகம் இருந்தது."

"ஏன் கேட்கவில்லை?"

"நான் கேட்டிருந்தால் எனக்காகச் சொல்லியிருப்பாய்," என்றார் சவேலி. "அவன் கேட்டது உன்னை."

ரோதியோன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் இனி ஆடலாமா?"

சவேலி வலையின் முடிச்சை அவிழ்த்து ஒரு பந்தை வெளியே எடுத்தார். உடை மாற்றப் போய்க்கொண்டிருந்த ஆன்டனைக் கைதட்டிக் கூப்பிட்டார். அணியிலேயே வேகமான ஆள் அவன்தான். "இவனைத் தாண்டிப் போ," என்றார்.

ஆன்டன் முதல் முறை வந்தான். ரோதியோன் முன்னால் பாய்ந்து பந்தை மட்டும் சுத்தமாகப் பறித்தான். ஒன்றரை வருடமாக அப்படி ஒரு பந்தை அவன் பறித்ததில்லை.

இரண்டாம் முறை ஆன்டன் இடப்பக்கம் போவதுபோல் ஏமாற்றி வலப்பக்கமாகத் தாண்டினான். ரோதியோனின் காலுக்கு எட்டும் தூரத்தில்தான் பந்து உருண்டது. பின்னாலிருந்து சறுக்கியிருந்தால் தட்டிவிட்டிருக்கலாம். அவன் சறுக்கவில்லை. துரத்திக்கொண்டு ஓடினான். எட்டவில்லை. பந்து வலையில் விழுந்தது.

"ஏன் சறுக்கவில்லை?" என்றார் சவேலி.

"தாண்டிவிட்டான்."

சொல்லிவிட்டு ரோதியோன் கோல்கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

சவேலி பந்தை எடுத்து வந்து மறுபடி ஆன்டனின் காலடியில் வைத்தார்.

"அங்கே என்ன பார்வை?" என்றார். "இந்தப் பக்கம் திரும்பு. வருகிறான்."